நேபாள மலைவீட்டுக்கு விருந்தாளியாகப் போகும்முன்: வாசகர் கேள்வி – பதில்

நேபாளத்தில் மலைப்பாதை நடை, அங்கே கிராமத்து வீடுகளில் தங்குவது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில், இந்த இதழுக்கு வடசென்னைக் கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

நான், கணவர், 12 வயது மகன், 67 வயது மாமியார் என நான்கு பேர். மலையேறிப் பழக்கமே இல்லை. எவரெஸ்ட் பக்கம் போகலாமா? எங்கள் எல்லாரிடமும் ஆதார் அட்டை இருக்கிறது, அது போதுமா?
*– வாசகி, தண்டையார்பேட்டை*

முதலில் ஆதார். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போக உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் பாஸ்போர்ட்டோ, தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டையோ கட்டாயம் வேண்டும். 15 வயதுக்குக் கீழேயும் 65 வயதுக்கு மேலேயும் இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஆதார் செல்லும். அதாவது உங்கள் வீட்டில் மகனுக்கும் மாமியாருக்கும் போதும், உங்கள் இருவருக்கும் போதாது. ஜெராக்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள், அசல் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆளுக்கு ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். நடை அனுமதிச் சீட்டுக்கும் சிம் கார்டுக்கும் கேட்பார்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானம் இறங்கும் மலையூரான லுக்லாவிலிருந்து போய்த் திரும்பப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். பொக்காரா நகரிலிருந்து கோரேபானி, பூன் ஹில், காந்த்ருக் என்று ஒரு சுற்று இருக்கிறது. பாதை முழுக்கக் கிராமங்கள், இரவுதோறும் கூரையும் சூடான சோறும் கிடைக்கும். மகன் நடக்கலாம். மாமியாரையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. எப்படி என்று சொல்கிறோம்.

பொக்காரா சுமார் 820 மீட்டர். அங்கிருந்து ஜீப்பில் டிக்கேதுங்கா வரை போய், முதல் நாள் உல்லேரி வரை கல்படி ஏறுங்கள். மூவாயிரத்துக்கும் மேல் படி. பயணத்தின் கடினமான பகுதி இதுதான், அதை முதல் நாளே முடித்துவிடுகிறோம். இரண்டாம் நாள் காட்டுக்குள்ளே ஏறி 2,860 மீட்டரில் கோரேபானி. மூன்றாம் நாள் விடியுமுன் எழுந்து 3,210 மீட்டர் பூன் ஹில்லுக்கு ஒரு மணி நேர ஏற்றம். சூரியன் எழும்போது 8,167 மீட்டர் தவுளகிரி முதலில் சிவக்கும். கீழே வந்து சாப்பிட்டுவிட்டு தாடாபானிக்கு நடை. நான்காம் நாள் மூன்று நான்கு மணி நேரம் இறங்கினால் காந்த்ருக். இது குருங் மக்களின் பெரிய கிராமம், சுமார் 2,000 மீட்டர். காந்த்ருக்குக்குப் பக்கம் வரை ஜீப் வருகிறது. கடைசியில் கொஞ்ச தூரம்தான் கல்படி. ஆகவே மாமியாரும் உங்கள் கணவரும் பொக்காராவில் ஓய்வாக இருந்துவிட்டு நான்காம் நாள் ஜீப்பில் காந்த்ருக் வந்து சேரலாம். நீங்களும் மகனும் மேலிருந்து இறங்கி வாருங்கள். பிறகு இரண்டு இரவு எல்லாரும் ஒரே வீட்டில் தங்குங்கள். அந்த இரண்டு இரவுக்காகவே இந்தப் பாதையைச் சொல்கிறோம்.

இது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி. நுழைவுச் சீட்டு, இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. இந்தியர் என்று சொல்லி அட்டையைக் காட்டினால்தான் நமக்கான விலை. பொக்காராவிலேயே வாங்கிவிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. விதி ஒருபுறம் இருக்கட்டும், குழந்தையோடு முதல் தடவை போகும் குடும்பத்துக்கு வழிகாட்டி வேண்டும். இந்தி தெரிந்தவராகக் கேளுங்கள், எளிதில் கிடைப்பார்.

ரயிலில் போகிறவர்கள் கோரக்பூரில் இறங்கி, பஸ்ஸில் சுனௌலி எல்லையைக் கடந்து, அங்கிருந்து பொக்காராவுக்கு வண்டி பிடிக்கலாம். காசு மிச்சம், ஆனால் உடம்பு நோகும். நடை தொடங்குமுன் பொக்காராவில் ஒரு முழு நாள் தூங்கி எழுங்கள்.

கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். மேலே மூச்சு முட்டும் என்கிறார்கள். கற்பூரத்தைத் துணியில் கட்டி முகர்ந்தால் சரியாகிவிடுமாமே?
*– வாசகர், காசிமேடு*

ஆகாது. கற்பூர வாசனை மூக்கு திறந்தது போன்ற உணர்வைத் தரும், அவ்வளவே. ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. தவறி வாயில் போட்டால் குழந்தைகளுக்கு விஷம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மேலே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. பூன் ஹில்லில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும், எவரெஸ்ட் அடிவார முகாமில் ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்குப் பழக நாள் எடுக்கும். எவ்வளவு பலசாலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசைப்படகில் வலை இழுக்கிற உடம்பையும் மலைநோய் பிடிக்கும். சொல்லப்போனால் பலசாலிதான் வேகமாக ஏறி முதலில் மாட்டிக்கொள்வார்.

கணக்கு இது: 2,500 மீட்டருக்கு மேல் மலைநோய் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டினால், இன்று தூங்கும் உயரம் நேற்று தூங்கியதைவிட 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே ஊரில் தங்க வேண்டும். பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்குவதில் தவறில்லை.

தலைவலியோடு வாந்தி உணர்வு, சாப்பாடு இறங்காமை, தலைசுற்றல், அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறாதீர்கள். மறுநாளும் குறையாவிட்டால் 500 முதல் 1,000 மீட்டர் வரை இறங்குங்கள். குடிகாரரைப் போலத் தள்ளாடுகிறாரா, ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நேர்க்கோட்டில் நடக்க முடியவில்லையா, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கிறதா, இருமலில் நுரை வருகிறதா? மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, டார்ச் பிடித்துக்கொண்டு இரவிலேயே இறக்க வேண்டும். தனியாகவும் அனுப்பக் கூடாது.

தடுப்புக்கு அசிட்டசோலமைடு என்ற மாத்திரையை, ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து காலை மாலை 125 மில்லிகிராம் தருவது வழக்கம். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாமாகச் சாப்பிடக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சைக் குறைக்கும். மேலே இருக்கும்வரை இரண்டும் வேண்டாம். பூன் ஹில் சுற்றில் பெரும்பாலானோருக்குத் தலைவலிக்கு மேல் போவதில்லை. அதைத் தாண்டி 4,130 மீட்டர் அன்னபூர்ணா முகாமுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஏரியாவில் மேடே கிடையாது. எப்படிப் பயிற்சி எடுப்பது?
*– வாசகர், வியாசர்பாடி*

படி இருக்கிறதே. உயரமான அடுக்குமாடி ஒன்றின் படிக்கட்டு போதும். பத்து வாரம் ஒதுக்குங்கள். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். முதல் மூன்று வாரம் வெறுங்கையாக, பிறகு முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, கடைசியில் மூன்று. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். வார்த்தை அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். நேபாளத்தில் வழியெல்லாம் காதில் விழும் சொல் ‘பிஸ்தாரை’. மெதுவாக என்று அர்த்தம்.

ஐந்தாவது வாரம் பெரம்பூரில் மின்சார ரயிலேறித் திருத்தணி போங்கள். 365 படி. மூன்று தடவை ஏறி இறங்குங்கள். எட்டாவது வாரம் திருப்பதி, அலிபிரி பாதை. 3,550 படி என்பது உல்லேரி ஏற்றத்துக்குச் சரியான ஒத்திகை. எல்லாரும் நடந்து ஏறி பஸ்ஸில் இறங்குவார்கள். நீங்கள் இறங்குவதையும் நடந்தே செய்யுங்கள். மலைப்பயணத்தில் முழங்கால் கெடுவது இறக்கத்தில்தான். தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பழகாத கால் மறுநாள் படியைப் பார்த்தாலே நடுங்கும். நேபாளத்தில் கைத்தடி இரண்டு வாடகைக்கு எடுத்து, இறங்கும்போது கொஞ்சம் நீளமாக்கி ஊன்றுங்கள்.

ஷூவைச் சென்னையிலேயே, கிளம்ப ஒரு மாதம் முன்பே வாங்கிப் பயிற்சி முழுக்க அதையே போடுங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் முழு அளவுக்கு உப்பியிருக்கும். தடித்த சாக்ஸ் போட்டு, கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்து விழும். காட்டன் பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் மேலே காயாது, நின்றதும் குளிர் எலும்பைப் பிடிக்கும். கால்பந்து ஜெர்சித் துணிதான் சரி. அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் மழை தாங்கும் ஜெர்கின். ஒரு லுங்கி கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். உடை மாற்ற, துவட்ட, போர்த்த என எல்லாவற்றுக்கும் உதவும்.

இன்னொன்று: பாதையில் கோவேறு கழுதைகள் மூட்டையோடு வரிசையாக வரும். மணிச் சத்தம் கேட்டதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். கழுதை ஒன்றும் செய்யாது, அதன் மூட்டை இடித்து ஆளைக் கீழே தள்ளிவிடும்.

கிராமத்து வீட்டில் தங்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்? தெரியாமல் ஏதாவது தப்பு செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
*– வாசகி, ராயபுரம்*

பயமே வேண்டாம். உங்கள் பாட்டி வீட்டில் சொல்லிக் கொடுத்ததில் முக்கால்வாசி அங்கே அப்படியே செல்லும். செருப்பை வாசலில் விட வேண்டும். வலது கையால் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். பெரியவர் முன்னால் கால் நீட்டக் கூடாது. பானைத் தண்ணீரை அண்ணாந்து குடிக்க வேண்டும்.

எச்சில் என்று நாம் சொல்வதை அவர்கள் ‘ஜூட்டோ’ என்பார்கள். கணக்கு ஒன்றேதான். நீங்கள் கடித்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. சாப்பிடுகிற கையால் கரண்டியையோ பொதுப் பாத்திரத்தையோ தொடக் கூடாது. இதில் நம்மவர்கள் தவறுவது ஓரிடத்தில். தட்டில் சோறு மலைபோல வரும். பசியில் கை வைத்துவிட்டு, பிறகு “இவ்வளவு வேண்டாம்” என்பார்கள். கை பட்ட சோற்றைத் திரும்ப எடுக்க முடியாது, அது எருமைக்குத்தான் போகும். தட்டு வந்ததும், தொடுமுன்பே, “கொஞ்சம் எடுத்துவிடுங்கள்” என்று சைகை காட்டிச் சுத்தமான கிண்ணத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். குறைவாக வாங்கினால் வருத்தப்பட மாட்டார்கள். பருப்பு, சோறு, காய் மூன்றையும் மறுபடி மறுபடி கொண்டுவருவார்கள். போதுமென்றால் தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே பிடித்து ‘புக்யோ’ என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் உபசாரம் என்று நினைத்து இன்னொரு கரண்டி விழும். இரண்டு தடவை சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது என்பதற்கு ‘மிட்டோ ச’.

அடுப்பு அவர்களுக்குப் பூஜையறை மாதிரி. மூன்று கால் இரும்புச் சட்டத்தின் கீழே விறகு எரியும், சுற்றிலும் பாயில் உட்காருவார்கள். கூப்பிட்டபின் போங்கள். நெருப்புக்கு நேராக உள்ளங்காலை நீட்டாதீர்கள், அடுப்பைத் தாண்டாதீர்கள், பிஸ்கட் கவரையும் டிஷ்யூவையும் அதில் போடாதீர்கள். ஈர சாக்ஸை அதன்மேல் காயப்போட நினைக்கவே வேண்டாம்.

அப்படி உட்கார இடம் கிடைத்தால், டிண்டோ என்ற களியைக் கிளறச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஊர்க்காரர்களுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவர்கள் ‘கோதோ’ என்பது நம் கேழ்வரகுதான். இரும்புச் சட்டியில் மாவுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு தண்ணீர் கொதிக்கும். மாவை ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் மரத்துடுப்பு போட்டுக் கிளறுவார்கள். மொத்தமாகக் கொட்டினால் உள்ளே பச்சை மாவோடு கட்டி விழும். பதினைந்து இருபது நிமிடம் கை நிற்கக் கூடாது. சட்டி ஓரத்தை விட்டு உருண்டு வந்து, துடுப்பில் ஒட்டாமல் பளபளத்தால் வெந்தது. நாம் களிக்கு நொய் சேர்ப்போம். அங்கே வெறும் மாவுதான், அதனால் இன்னும் வழவழப்பாக இருக்கும். விள்ளி, குந்த்ருக் சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரையை வாட்டி, இறுக்கி அடைத்துப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்தது குந்த்ருக். குளிர்காலத்தில் பச்சைக் காய் கிடைக்காத ஊரின் புளிப்பு அது.

அந்த உபசாரத்துக்கு ஆகும் உழைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். விறகைக் காட்டிலிருந்து ‘டோக்கோ’ கூடையில், நெற்றியில் பட்டை மாட்டிச் சுமந்து வருகிறார்கள். அரிசி, எண்ணெய், காஸ் சிலிண்டர் எல்லாம் கழுதை முதுகிலோ மனித முதுகிலோதான் மேலே ஏறுகின்றன. எனவே வெந்நீர்க் குளியல் தினமும் கேட்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். இரவு எத்தனை பேர், என்ன சாப்பாடு என்பதைப் பிற்பகல் மூன்று மணிக்குள் சொல்லிவிடுங்கள். எட்டுப் பேர் எட்டு விதமாகக் கேட்டால், ஒரே அடுப்பில் அது முடிய ஒன்பது மணி ஆகும், விறகும் இரண்டு மடங்கு எரியும். எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்கள். நீங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரம்மா உட்காருவார். சாப்பிட்ட இடத்திலேயே ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் பசியோடு காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

கூப்பிடும் முறையும் முக்கியம். மூத்த பெண்ணைத் தீதி, இளையவரைப் பஹினி, மூத்த ஆணைத் தாஜு, இளையவரைப் பாய், வயதான பெண்ணை ஆமா. ‘ஆமா’ என்றால் அம்மாதான். நம் தெருவில் இரவுக் காவலுக்கு வருபவரைக் கூப்பிடுகிற பழக்கத்தில் யாரையும் ‘கூர்க்கா’ என்று அழைக்காதீர்கள். அது கோர்க்கா என்ற ஊரின் பேரால் வந்த படைப்பெயர். காந்த்ருக் போன்ற குருங் கிராமங்களில் இந்திய ராணுவத்திலும் பிரிட்டிஷ் ராணுவத்திலும் இருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் இருக்கிறார்கள், இந்தியும் பேசுவார்கள். எந்த ரெஜிமென்ட், எங்கே இருந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டால் அந்த மாலைப்பொழுது அருமையாகப் போகும்.

புத்த வழிபாடுள்ள ஊர்களில் கழுத்தில் ‘கதா’ என்ற வெள்ளைத் துண்டைப் போடுவார்கள். குனிந்து வாங்குங்கள், தரையில் வைக்காதீர்கள். வழியில் மந்திரம் செதுக்கிய கற்சுவர் வந்தால் அது உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி நடங்கள். கோயிலை வலம் வருகிற அதே முறை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?
*– வாசகி, கொருக்குப்பேட்டை*

வேண்டாம். பருப்பும் சோறும்தான் அவர்களுக்கும் தினசரிச் சாப்பாடு. ‘மாசு காந்தின’ என்று சொல்லுங்கள், இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று பொருள். மோமோ மட்டும் கேட்டு வாங்குங்கள். அங்கே மோமோ என்றால் பெரும்பாலும் எருமைக்கறி. பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துப்போனால் மூன்றாம் நாள் நாக்குக்கு இதம். வீட்டுக்காரருக்கும் கொடுங்கள், சுவைத்துப் பார்ப்பார்கள்.

வீட்டு விலையில் பேரம் பேசலாமா? ஜிபே செல்லுமா?
*– வாசகர், பெரம்பூர்*

சமூக விடுதி முறை உள்ள ஊர்களில் எந்த வீட்டுக்கு எந்த விருந்தாளி என்று கிராமக் கமிட்டிதான் முறைவைத்து அனுப்புகிறது. விலையும் கமிட்டி முடிவு செய்ததுதான். 1997இல் சியாங்ஜா மாவட்டத்துச் சிருபாரி கிராமத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. ஒரே வீடு பணக்கார வீடாகிவிடாமல் எல்லா வீட்டுக்கும் வருமானம் போகட்டும் என்பது நோக்கம். அங்கே பேரம் பேசுவது ஒரு குடும்பத்தோடு அல்ல, ஊரோடு. பேசாதீர்கள். அந்த வீடு வேண்டாம், அழகாக இருக்கிற இந்த வீடுதான் வேண்டும் என்றும் கேட்காதீர்கள்.

பாதையோர லாட்ஜில் கணக்கு வேறு. அறை வாடகையைக் குறைவாக வைத்துச் சாப்பாட்டில் ஈடுகட்டுகிறார்கள். தங்கும் இடத்திலேயே இரவும் காலையும் சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். மலிவாக அறை எடுத்துக்கொண்டு பக்கத்து லாட்ஜில் சாப்பிட்டுவிட்டு வருவது தவறு. மேலே போகப்போக அதே டீயின் விலை ஏறும், சுமைக்கூலி அதில் இருக்கிறது. போன் சார்ஜுக்கும் வெந்நீருக்கும் தனிக் காசு.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத விகிதம். அன்னபூர்ணா நுழைவுச் சீட்டு விலை 1,000 என்றால் நம் காசில் 625. யுபிஐ 2024 முதல் நேபாளக் கடைகளில் செல்கிறது. ஆனால் அது காட்மாண்டு, பொக்காரா கடைகளுக்கு. மலையில் சிக்னலையும் கரண்டையும் நம்ப முடியாது. பொக்காராவை விட்டுக் கிளம்புமுன் முழுப் பயணத்துக்கும் நேபாளப் பணமாக, அதிலும் சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்திய நோட்டு கொண்டுபோவதாக இருந்தால் நூறு ரூபாய்த் தாள்தான் தொந்தரவில்லாதது.

குழந்தைகளுக்கு பேனா, சாக்லேட் வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம். நல்லதுதானே?
*– வாசகர், திருவொற்றியூர்*

மனசு நல்லது, செய்கிற விதம்தான் வேண்டாம். பல் டாக்டர் ஒரு நாள் நடைதூரத்தில் இருக்கிற ஊரில் சாக்லேட் கொடுத்தால் சொத்தைப்பல்தான் மிஞ்சும். வழியில் நின்று பேனா கொடுத்தால், பள்ளிக்குப் போகாமல் வழியில் நிற்கப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். நோட்டு, பென்சில் கொடுப்பதென்றால் தலைமை ஆசிரியர் கையில் கொடுங்கள். பணம் கொடுப்பதென்றால் ‘ஆமா சமூஹ’ என்ற தாய்மார் குழுவிடம் கொடுங்கள். பாதை செப்பனிடுவதும் கழிப்பறை கட்டுவதும் பல ஊர்களில் அவர்கள் பொறுப்பு. வரவேற்புக்கு ஆடிப் பாடுகிறவர்களும் அவர்கள்தான். தட்டில் போடுகிற காசு அந்த நிதிக்குப் போகிறது. வீட்டுக்காரருக்கு நல்ல காபித்தூள், முந்திரி போதும்.

மாதவிலக்கு நேரமாக அமைந்துவிட்டால்?
*– வாசகி, எண்ணூர்*

நடக்கலாம், மலைநோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. குருங், தமாங் இன மக்களின் வீடுகளில் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். பிராமண, சேத்ரி வீடுகள் சிலவற்றில் சமையலறைக்கும் பூஜை இடத்துக்கும் வர வேண்டாம் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. வழிகாட்டியைக் கேட்டு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். நாப்கின் மேலே கிடைக்காமல் போகலாம், கீழேயே வாங்கிவிடுங்கள். பயன்படுத்தியதை அடுப்பிலோ கழிப்பறைக் குழியிலோ போடக் கூடாது. ஜிப் உள்ள இரட்டைப் பையில் போட்டுப் பொக்காரா வரை திருப்பிக் கொண்டுவர வேண்டும். கழிப்பறை நம் ஊர்க் குத்துக்கால் வகைதான், டிரம்மில் தண்ணீர் இருக்கும். உயரமான ஊர்களில் விடியற்காலை அது உறைந்திருக்கும், கையில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரக்ஷி கொடுத்தால் மறுக்கலாமா?
*– வாசகர், மூலக்கடை*

தாராளமாக. கையெடுத்துக் கும்பிட்டு ‘காந்தின’ என்றால் அடுத்து டீ வரும். குடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கேழ்வரகில் வீட்டிலேயே வடித்த சாராயம் அது, அளவு தெரியாது, காலியான கிண்ணம் உடனே நிரம்பும். மேலே ஏறுகிற நாட்களில் வேண்டவே வேண்டாம்.

நாங்கள் நான்கு நண்பர்கள். ஆளுக்குப் பதினைந்து கிலோ பை. ஒரு போர்ட்டர் போதுமா?
*– வாசகர், புளியந்தோப்பு*

அறுபது கிலோவை ஒரு மனிதர் முதுகில் ஏற்றக் கேட்கிறீர்கள். நேபாளத்தில் போர்ட்டர் ஒருவருக்கு 30 கிலோதான் உச்சவரம்பு, அதில் அவருடைய சொந்தப் போர்வையும் துணியும் அடக்கம். பையை ஆளுக்குப் பத்துக் கிலோவாகக் குறைத்து இரண்டு பேரை அமர்த்துங்கள். மருந்து, தண்ணீர், ஜெர்கின், பாஸ்போர்ட் உங்கள் தோளில் இருக்கட்டும். கூலி பேசும்போதே அவருடைய சாப்பாடும் தங்குமிடமும் காப்பீடும் யார் பொறுப்பு என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உயரத்துக்கு ஏறுமுன் அவர் ஷூவையும் ஸ்வெட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். கிழிந்த கான்வாஸோடு பனியில் நடக்க விடாதீர்கள். அவருக்கும் மலைநோய் வரும். வேலை போய்விடுமோ என்று வெளியே சொல்ல மாட்டார். சாப்பிட்டாரா, தலை வலிக்கிறதா என்று தினமும் நீங்களே கேளுங்கள்.

உங்கள் காப்பீட்டிலும் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எந்த மாதம் நல்லது? தசைன் பண்டிகை நேரத்தில் போனால் விசேஷமாமே?
*– வாசகி, மணலி*

அக்டோபர், நவம்பரில் வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும், மலை தெளிவாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் கோரேபானிக் காடு முழுக்கச் சிவப்பாக ‘லாலி குராஸ்’ பூக்கும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதன் குடும்பம்தான். ஆனால் அந்த மாதங்களில் பிற்பகல் மேகம் கூடி ஆலங்கட்டி விழும், காலை ஏழுக்கே கிளம்பி இரண்டுக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் நடுவரை மழையும் அட்டையும். மீன்காரர்கள் நிறைய உள்ள ஊர் நமது என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: காந்த்ருக்கிலிருந்து தெரியும் மாச்சாபுச்ரே மலையின் பெயருக்கு மீன்வால் என்று பொருள். 6,993 மீட்டர் உயரத்தில் இரட்டை நுனி, வஞ்சிர மீனின் வாலை நிமிர்த்தி வைத்தது போல. அதைப் புனிதமாகக் கருதுவதால் ஏற அனுமதி கிடையாது. அதைத் தெளிவாகப் பார்க்க நவம்பர்தான் நல்ல மாதம்.

தசைன், நம் நவராத்திரி நாட்களில் வரும். பஸ்ஸில் இடம் கிடைக்காது, வழிகாட்டிகளும் போர்ட்டர்களும் தங்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஆட்டுக்கிடா வெட்டுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களும் சின்னக் குழந்தைகளும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். நடைக்கு அது வசதியான வாரம் அல்ல. ஆனால் ஒரே ஊரில் தங்கியிருப்பதாக இருந்தால் போகலாம். முதல் நாள் இருட்டறையில் பார்லி விதைத்து, மஞ்சளாக முளைத்து வரும் தளிரை ‘ஜமரா’ என்பார்கள். நம் முளைப்பாரிதான். பத்தாம் நாள் வீட்டுப் பெரியவர் அரிசி, தயிர், குங்குமம் பிசைந்து இளையவர் நெற்றியில் அப்பி, ஜமராவைக் கையில் கொடுப்பார், அதோடு கொஞ்சம் தட்சிணையும். விருந்தாளியையும் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். அந்தத் தட்சிணையை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தளிரைத் தலையிலோ காதோரமோ செருகிக்கொண்டு நடங்கள். சாயங்காலம் வரை நெற்றியைத் துடைக்காதீர்கள்.